600-க்கும் 200-க்கும் நடுவே

ஒளிப்படம் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு பாடம் சொல்லித் தருவார்கள்: ஜூமைத் திருகாதே, இரண்டு எட்டு முன்னால் போ. தெருவில் படம் எடுப்பவருக்கும் கல்யாண வீட்டில் படம் எடுப்பவருக்கும் அது நல்ல புத்திமதி. காட்டுயிர்ப் படத்துக்கு ஆகாது. குளக்கரையில் மீனுக்காகக் காத்து நிற்கும் கொக்கை நோக்கி இரண்டு எட்டு வைத்துப் பாருங்கள். அதுவும் இரண்டு எட்டு நகரும். இன்னும் இரண்டு வைத்தால் எழுந்து எதிர்க்கரைக்குப் போய்விடும். அதன் காலைச் சாப்பாடும் கெட்டது, நம் படமும் கெட்டது.

நீள ஜூம் லென்ஸின் முதல் வேலை என் காலைக் கட்டிப்போடுவது என்றே எனக்குப் படுகிறது. தூரத்தைத் தீர்மானிப்பது பறவை. அது பத்து மீட்டரில் வந்து இறங்கினாலும் சரி, ஐம்பது மீட்டரில் நின்றுகொண்டாலும் சரி, நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி வளையத்தைத் திருப்பிக்கொள்ளலாம். 200 மில்லிமீட்டரிலிருந்து 600 வரை அந்த வளையம் போகும். அதற்கு அப்பால் இருப்பது எனக்கு இல்லை என்று விட்டுவிட வேண்டியதுதான்.

*

2013 இறுதியில் டாம்ரான் நிறுவனம் 150–600 மில்லிமீட்டர் ஜூம் ஒன்றை அறிவித்தது. அடுத்து சிக்மா. 2015-இல் நிக்கானின் 200–500, 2019-இல் சோனியின் 200–600, 2023-இல் நிக்கானின் 180–600 என்று வரிசையாக வந்தன. 600 என்பது அதுவரை செய்தி நிறுவனங்களும் வசதி படைத்தவர்களும் வைத்திருக்கும் நீளம். அதன் பிறகு மாதச் சம்பளக்காரர் தவணையில் வாங்கும் பொருளாகிவிட்டது. இன்று ஒன்றிரண்டு லட்சத்துக்குள் கிடைக்கிறது. நீளம் மாறாத, எஃப் 4 அப்பர்ச்சர் கொண்ட 600 மில்லிமீட்டர் பிரைம் லென்ஸோ பத்து லட்சத்தைத் தாண்டும்.

இந்த விலை வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். 600-ஐ 4-ஆல் வகுத்தால் 150. அவ்வளவு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒளி உள்ளே வர வழி வேண்டும். ஜூமுக்கு எஃப் 6.3; 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 சொச்சம். ஜூம் லென்ஸின் முகப்பில் மாட்டும் ஃபில்டரின் விட்டமும் 95 மில்லிமீட்டர்தான். பிரைமின் பெரிய கண்ணாடி இரண்டரை மடங்கு ஒளியை வாங்குகிறது. காசும் எடையும் அந்த இரண்டரை மடங்குக்கு.

வெயில் ஊர்களில் ஜூமின் இந்த ஒளிக்குறை தெரிவதே இல்லை. வால்பாறை மாதிரி மழைக்காட்டு ஊரில் நன்றாகத் தெரியும். மேகம் இறங்கிய காலையில், இருண்ட இலைகளுக்கு நடுவே, கறுத்த உடம்போடு உட்கார்ந்திருக்கும் சிங்கவால் குரங்கின் முன் எஃப் 6.3 என்பது ஏழ்மைதான். ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றினாலும் ஷட்டர் 1/250-ஐத் தாண்டாது. ஆனால் வால்பாறையிலேயே புதுத்தோட்டம் பக்கம் அதே குரங்குக் கூட்டம் சாலை ஓரத்துக்கே வந்துவிடும். அங்கே 600 எதற்கு? வளையத்தைக் கீழே இறக்கிவிட்டு, அது பலாச்சுளையைப் பிய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

பிரைம் வைத்திருப்பவர் ஜூம் வைத்திருப்பவரைப் பார்க்கும் பார்வை ஒன்று இருக்கிறது. சரணாலய வாசலில் அதைப் பார்க்கலாம். பறவைகளிடம் அந்தப் பேதம் கிடையாது.

*

கோடியக்கரை. வேதாரண்யத்துக்குத் தெற்கே நிலம் முடிகிற இடம். வெளிமான்களுக்காக 1967-இல் சரணாலயம் ஆனது. 2002-இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் ஈரநிலத் தலமும் ஆனது. மழை முடிந்த மாதங்களில் உப்பளங்களை ஒட்டிய நீர்ப்பரப்பில் பூநாரைகள் வந்து நிற்கும். கரையிலிருந்து பார்த்தால் வெளுத்த கோடு. 600-இல் பார்த்தால் கோடு பறவைகளாகப் பிரிகிறது. ஆனால் கால்கள் நெளிகின்றன. கழுத்து ஒரு கணம் இரண்டாகி மறுகணம் ஒன்றாகிறது.

காலை ஒன்பது மணிக்கே இந்த நெளிவு ஆரம்பித்துவிடும். சேறும் உப்பும் சூடேற, அதை ஒட்டிய காற்று சூடாகி மேலே எழும்புகிறது. குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு இறங்குகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை ஒரே மாதிரி வளைப்பதில்லை. பறவையிடமிருந்து புறப்பட்ட ஒளி முந்நூறு மீட்டர் இந்தக் கலக்கத்துக்குள் நடந்துதான் என் லென்ஸுக்கு வருகிறது. சாலையில் கானலாகத் தெரிவது இதேதான். வெறும் கண்ணுக்கு அது சாலையில் மட்டும் தெரிகிறது. 600 மில்லிமீட்டருக்கு எங்கும் தெரிகிறது.

காற்றை இல்லாத பொருளாகவே நினைத்துப் பழகியிருக்கிறோம். நீள லென்ஸ் அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. எத்தனை லட்சத்துக்கு வாங்கியிருந்தாலும் இதற்கு மருந்து இல்லை. ஷட்டரைக் கூட்டினால் நெளிவு உறையும், போகாது. லென்ஸின் அதிர்வுத்தடுப்பு என் கையின் நடுக்கத்தைத்தான் அறியும், காற்றின் நடுக்கத்தை அறியாது. ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடி அலையும். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, லென்ஸ் கூர்மையாக இல்லை என்று கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. லென்ஸ் மேல் குற்றம் இல்லை. மறுநாள் விடியும் முன்னே வந்திருந்தால், அல்லது மேகம் மூடிய நாளில் வந்திருந்தால், அதே லென்ஸ் இறகை இறகாகக் காட்டியிருக்கும்.

சின்னச் சின்னக் காரியங்களும் இதில் அடக்கம். காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு வந்து, கண்ணாடியை இறக்கி உடனே லென்ஸை நீட்டினால், காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றும் வெளிக்காற்றும் கலக்கும் இடத்தில்தான் படம் பிடிக்கிறோம். தொலைவில் இருக்கும் கானலை விட்டுவிட்டு மடியிலேயே ஒரு கானலை உண்டாக்கிக்கொள்வது அது. என்ஜினையும் ஏசியையும் நிறுத்தி, நான்கு கண்ணாடியையும் இறக்கிக் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். விடுதி அறையின் குளிரிலிருந்து கடற்கரைப் புழுக்கத்துக்கு வந்தால் முகப்புக் கண்ணாடி முழுக்க ஈரம் பூத்துவிடும். துடைத்துப் பயனில்லை, மறுபடி பூக்கும். பையிலேயே வைத்து, வெளிச்சூட்டுக்கு அது பழகும் வரை காத்திருப்பதுதான் வழி. அந்த நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. எனக்குப் பிடித்தது அந்த நேரம்.

வளையத்தைத் திருப்புகையில் நீண்டு சுருங்கும் லென்ஸ்கள் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கோடியக்கரையில் அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும் லென்ஸாக இருந்தால் அந்தக் கவலை குறைவு.

*

600-இல் கேமரா பார்ப்பது நான்கு பாகை. நூறு மீட்டருக்கு அப்பால் ஆறு மீட்டர் அகலம், நான்கு மீட்டர் உயரம்; அவ்வளவுதான் உலகம். புதிதாக வாங்கியவர் முதலில் படும் பாடு இதுதான். கண்ணுக்கு நேரே தெரிந்த பறவை வியூஃபைண்டருக்குள் இல்லை. இலை, இலை, வானம், மறுபடியும் இலை. அதற்குள் அது போயிருக்கும்.

200-இல் தேடு, கண்டபின் 600-க்குப் போ. இதை யாரும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். கை பழகத்தான் நாளாகும். பழகிய பிறகும் நான் அதை அவசரமில்லாமல் செய்யவே விரும்புகிறேன். 200-இல் அந்தப் பறவையோடு சேர்த்து மரம் தெரிகிறது, பக்கத்துக் கிளையில் இன்னொன்று தெரிகிறது, எந்தப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது என்பது தெரிகிறது. பறவைகள் காற்றை எதிர்த்தே எழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். இது தெரிந்தால் எங்கே உட்கார வேண்டும் என்பது தெரிந்துவிடும். நேரே 600-க்குப் போனவருக்கு இதெல்லாம் கிடைக்காது.

கூர்மையாகத் தெரியும் ஆழமும் குறுகலானது. பத்து மீட்டரில் நிற்கும் பறவையை 600-இல் எஃப் 6.3-இல் எடுத்தால் முன்னும் பின்னுமாகச் சேர்த்துப் பத்து சென்டிமீட்டர்தான் கூர்மை. நாரையின் கண் கூராக இருந்தால் அலகு நுனி கரைந்திருக்கும். இரண்டில் கண்ணையே எடுத்துக்கொள்வது வழக்கம்.

*

கூந்தன்குளம் திருநெல்வேலியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், நாங்குநேரி வட்டம். 1994-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. மஞ்சள்மூக்கு நாரைகள் குளத்து மரங்களோடு நிற்காமல் ஊருக்குள்ளும் வந்து, வீட்டு மரங்களில் கூடு கட்டுகின்றன. தெருவில் நடந்தால் தலைக்கு மேலே அலகுகள் தட்டிக்கொள்ளும் சத்தம். மீன் வாடை. எச்சம் விழுந்து தெரு வெள்ளை. அந்த எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என் லென்ஸைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏய்யா, தலைக்கு மேலதான இருக்கு. அதுக்கு எதுக்கு இம்புட்டு நீட்டுக் குழாயி?”

“குளத்துல தூரமா இருக்கறதுக்குப் பாட்டி.”

“அப்பக் குளத்துக்குப் போ. இங்க கண்ணு போதும்.”

அவர் சொன்னதில் தவறில்லை. முப்பது மீட்டர் தூரத்தில் வந்து இறங்கும் கூழைக்கடாவின் சிறகு விரிப்பு இரண்டு மீட்டருக்கு மேல். 600-இல் அந்தத் தூரத்துச் சட்டத்தின் அகலம் 1.8 மீட்டர், சிறகு வெட்டுப்படும். தெருவுக்குள் வளையம் 200-லேயே நின்றது. பல இடங்களில் 200-ம் அதிகம். ஊருக்கு வெளியே, குளத்தின் நடுவில் வரித்தலை வாத்துகள் மிதக்கும் இடத்தில்தான் 600-க்கு வேலை.

மார்ச் மாத மதியம் ஒன்றில் வேப்பமரத்து நாரை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டில் குஞ்சுகள் இருந்தன; இறகு முளைக்காத, சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டிய உடம்பு. தாயோ தகப்பனோ, நாரையில் இரண்டும் ஒரே மாதிரி, சூரியனுக்கு முதுகு காட்டி, சிறகுகளைப் பாதி விரித்து, அசையாமல் நின்றது. முதலில் எனக்கு அது சோம்பல் முறிப்பதாகப் பட்டது. 500-க்குத் திருப்பிப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. குஞ்சுகள் மூன்றும் அந்தச் சிறகு விழுத்திய நிழலுக்குள் இருந்தன. சூரியன் நகர, நிழல் நகர, பறவை பாதம் மாற்றிக் கொஞ்சம் திரும்பிக்கொண்டது. குஞ்சுகள் திறந்த வாயோடு நிழலின் ஓரத்தை ஒட்டி நகர்ந்தன. பெரிய பறவையின் சிவந்த கால்கள் வெளுத்துப்போயிருந்தன. தன் கால்மேல் தானே எச்சமிட்டு, அது உலரும்போது கிடைக்கும் குளிர்ச்சியில் சூட்டைத் தணித்துக்கொள்வது நாரைகளின் வழக்கம். அடுத்த மரத்துக் கூழைக்கடாவின் தொண்டைப் பை விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. அதுவும் சூட்டை வெளியேற்றும் வேலைதான்.

இன்னொரு நாரை குளத்திலிருந்து வந்து இறங்கியது. அலகைக் கவிழ்த்துக் குஞ்சுகளின் மேல் தண்ணீரைக் கக்கியது. சிதறிய துளிகள் வெயிலில் மின்னின. குஞ்சுகள் நிமிர்ந்து குடித்தன. நின்றிருந்தது பறந்தது, வந்தது அதே இடத்தில், அதே சாய்வில் சிறகை விரித்தது.

கிளையில் இரண்டு காகங்கள் உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கும் பொறுமை அதிகம்.

இந்தப் பறவையை யாராவது கைதட்டி எழுப்பினால் என்ன ஆகும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. நல்ல பறக்கும் படம் கிடைக்கும். கூட்டில் நிழல் போகும். காகம் வரும்.

*

மா. கிருஷ்ணன் (1912–1996) நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் இறக்கும் வரை இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர். காட்டில் கால்நடையாகவும் பழகிய யானையின் மேல் இருந்தும் யானைகளைப் படம் எடுத்தவர். பல உறுப்புகளைத் தானே சேர்த்து அமைத்த கனமான கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளை, ஃபோகஸ் கையால், இன்றைய லென்ஸ் எட்டும் தூரம் அவருக்கு இல்லை. எட்டாத அந்தக் குறையை அவர் விலங்கை அறிவதால் ஈடுகட்டினார். எந்த நேரத்தில் எந்தத் தடத்தில் வரும், காற்று எங்கே இருந்தால் வாடை போகாது, காதை எப்படி வைத்தால் விலக வேண்டும் என்பதெல்லாம் தெரியாமல் யானைக்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

இன்று நொடிக்கு இருபது படம் எடுக்கும் கேமரா கிடைக்கிறது. பறவையின் கண்ணை அதுவே தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்கிறது. வேண்டாம் என்று சொல்ல நான் யார்? எனக்கும் அது வேண்டியிருக்கிறது. ஆனால் 600-இல் பின்னணியை முழுக்கக் கரைத்து, பச்சைப் பூச்சின் முன் ஒற்றைப் பறவையை நிறுத்தும் படங்கள் எனக்கு அலுத்துவிட்டன. அந்த நாரை கூந்தன்குளத்திலும் இருக்கலாம், வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் இருக்கலாம். படம் சொல்லாது. ஓட்டு வீட்டுக் கூரையும், கொடியில் காயும் புடவையும், அதற்கு மேலே கூட்டில் நிற்கும் நாரையும் சேர்ந்த படம் 200-இல்தான் கிடைக்கும். அதற்கு விருப்பக்குறிகள் குறைவாக விழும். அதுதான் நல்ல படம்.

*

எடையைப் பற்றிக் கொஞ்சம். லென்ஸ் இரண்டு கிலோ, கேமராவோடு மூன்றுக்குப் பக்கம். ஐந்து நிமிடத்துக்குப் பெரிதாகத் தெரியாது. அரை மணி நேரம் மரத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தால் தோள் தானாகவே இறங்கும். மோனோபாட் உதவும், ஜீப்பிலும் காரிலும் ஜன்னல் விளிம்பில் அரிசியோ பயறோ நிரப்பிய பை ஒன்று அதைவிட உதவும். இரண்டும் இல்லாதபோது இடது கை லென்ஸின் அடியில், நன்றாக முன்னால், முழங்கைகள் விலாவில், மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, அந்த இடைவெளியில் பொத்தானை அழுத்துவது. 1/2000-இல் எடுக்கும்போது இவ்வளவு பதவிசு தேவையில்லை என்பார்கள். தேவையில்லைதான். ஆனால் மூச்சு அடங்கினால் கை அடங்குகிறது, கை அடங்கினால் பார்வை நிலைக்கிறது. நிலைத்த பார்வையில் பறவை அடுத்துச் செய்யப்போவது முன்கூட்டியே தெரிகிறது.

எழும்பப்போகும் பறவை முதலில் இறகு கோதுவதை நிறுத்தும். கழுத்து நீளும். உடம்பு முன்னே சாயும். பல பறவைகள் எச்சமிட்டுவிட்டு எழும்பும். புள்ளிமான் முன்னங்காலால் தரையைத் தட்டும். வெளிமான் மேய்வதை விட்டுத் தலையை உயர்த்தும். படத்துக்குக் கண்ணைக் குவித்திருப்பவருக்கு இவை ‘தயாராகு’ என்ற சைகைகள். விலங்கின் தரப்பில் ஒரே பொருள்தான்: நீ வந்தது போதும். தலை உயர்ந்ததும் நான் நின்றுவிடுவேன். தலை மறுபடி புல்லுக்கு இறங்கினால், அந்தத் தூரம் அதற்குச் சம்மதம். பிறகு வளையத்தைத் திருப்ப வேண்டியதுதான். 600-க்கு எட்டினால் படம். எட்டாவிட்டால் பார்த்ததோடு சரி.

*

கூந்தன்குளத்து நாரைக்கு மனிதர்கள் பழக்கம். தெருவில் பிள்ளைகள் ஓடினாலும் அது அசையாது. இதை வைத்து எல்லாக் கூடுகளையும் கணக்கிடக் கூடாது. ஆனைமலைப் பக்கம் பெரும் இருவாச்சி முதிர்ந்த மரத்தின் பொந்தில் கூடு வைக்கும். பெண் உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவு பிளவு மட்டும் மிச்சம். பெண் உள்ளே இருக்கும் மாதங்கள் முழுக்க அதற்கும் குஞ்சுக்கும் ஆண்தான் பழம் கொண்டுவர வேண்டும். மரத்தடியில் ஆட்கள் கூடி நின்றால் ஆண் பொந்துக்கு வர அஞ்சும். தொலைவில் ஒரு கிளையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வாயில் பழத்தோடு திரும்பிப் போய்விடும். அந்த வேளைக்கு உள்ளே இருப்பவை பட்டினி.

அப்படிப்பட்ட மரம் ஒன்றை நீங்கள் காண நேர்ந்தால், கையில் 600 இருந்தாலும் சரி, 800 இருந்தாலும் சரி, நின்று எடுக்க வேண்டாம். எதேச்சையாக ஒரு படம் எடுத்திருந்தால், கேமராவிலும் கைப்பேசியிலும் இடம் பதியும் வசதியை அணைத்துவிட்டுப் பகிருங்கள். அந்த மரம் எங்கே என்று கேட்டு நண்பர்கள் வருவார்கள். சொல்லாதீர்கள்.